வேஷம் கட்டலாம், வாங்க!

'லார்ப்' என்று ஒரு வார்த்தை இப்போது நம்ம பையன்கள் வாயில் புழங்குகிறது. இருமல் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். லைவ் ஆக்‌ஷன் ரோல் ப்ளேயிங் என்ற நீளப் பெயரின் சுருக்கம். நாற்பது ஐம்பது பேர் ஒரு காட்டிலோ, பழைய கோட்டையிலோ கூடுவார்கள். ஒருத்தர் ராஜா, ஒருத்தர் திருடன், ஒருத்தர் மந்திரவாதி. வசனம் எழுதித் தரமாட்டார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்க வருகிற ஜனமும் கிடையாது. வந்த அத்தனை பேரும் ஆட்டக்காரர்கள்! ராஜா ராஜாவாகவே சாப்பிடுவார். திருடன் திருடனாகவே தூங்குவான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வேஷம் கலைத்துவிட்டு, திங்கள்கிழமை காலையில் சமர்த்தாக ஆபீஸ் வாசலில் கார்டு தேய்ப்பார்கள்.

அமெரிக்காவில் 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று மேஜைமேல் பகடை உருட்டி ஆடுகிற ஒரு விளையாட்டு வந்தது. எத்தனை நாள்தான் உட்கார்ந்தபடியே சண்டை போடுவது? சில பேருக்குக் கால் மரத்துப் போய் எழுந்துவிட்டார்கள். 1977-ல் வாஷிங்டன் பக்கம் 'டாகோரிர்' என்ற கோஷ்டி நுரை சுற்றிய கத்தியோடு மைதானத்தில் இறங்கியது. 1982-ல் இங்கிலாந்தின் செஷயரில் பெக்ஃபர்ட்டன் கோட்டையையே பிடித்து 'ட்ரெஷர் ட்ராப்' என்று ஆரம்பித்தார்கள். 2014-ல் போலந்து தேசத்துக் கோட்டை ஒன்றில் மந்திரவாதிக் கல்லூரியே நடத்தினார்கள். அட்மிஷன், வகுப்பு, ஹாஸ்டல் எல்லாம் உண்டு. பெரிய பெரிய ஆட்கள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு 'பிரசன்ட் சார்' என்று கை தூக்கினார்கள்.

இதையெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு தம்பி டீக்கடையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவன். ஊர் பாகூர் பக்கம்.

"அண்ணே, நம்ம சைடுல இதை எப்படி ஆரம்பிக்கிறது? நுரை வாள் ஆன்லைன்ல இருக்கு. ஒரு மாச ரூம் வாடகை ஆவும் போல."

"உங்க ஊர்ல பாரதம் வைக்கிறாங்களா?"

"ஆமா, திரௌபதியம்மன் கோயில்ல. வருஷா வருஷம்."

"பகாசுரன் அன்னிக்கு நீ என்ன பண்ணுவே?"

"நான் எங்கண்ணே... லீவு கெடைக்காது. எங்க தாத்தா பீமன் கட்டுவாரு. அவரு புஜகட்டை இன்னும் பரண்மேலதான் கெடக்கு."

கேட்டீர்களா கதையை? பரண்மேல் பீமனை வைத்துக்கொண்டு, பையன் நுரை வாளுக்கு ஈ.எம்.ஐ. கணக்குப் போடுகிறான்!

பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரித்த பிரிவுகள் இன்றைக்கும் புதுச்சேரி கிராமங்களில் 'கொம்யூன்' என்ற பெயரோடே இருக்கின்றன. வில்லியனூர் டவுனிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர் சுமார். பாகூர் தெற்கே இருபது. இந்தப் பக்கத்து மனுஷர்களுக்கு வேஷம் என்பது ரத்தத்தில் உண்டு. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரை, அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்து இழுத்தார். பிரெஞ்சுக்காரன் போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பின்னால் வந்த துணைநிலை கவர்னர்களும் வடம் பிடித்தார்கள். பாரிஸிலிருந்து கப்பலேறி வந்த துரை, கோகிலாம்பிகை சமேத சுவாமிக்குத் தேர் இழுக்கிறார் என்றால், உலகத்தில் எந்த 'லார்ப்' கோஷ்டி இதற்குப் பக்கத்தில் நிற்கும்?

விஷயத்துக்கு வருவோம். வடக்கே காஞ்சிபுரத்திலிருந்து செஞ்சி, விழுப்புரம், கடலூர் வரைக்கும், நடுவில் திட்டுத் திட்டாக இருக்கிற புதுச்சேரி கிராமங்கள் உட்பட, திரௌபதியம்மன் கோயில் இல்லாத வட்டாரம் அபூர்வம். கோடை வந்தால் காப்புக் கட்டி, கொடியேற்றி, பாரதம் ஆரம்பித்துவிடும். பதினெட்டு நாள், இருபது நாள் என்று ஊருக்கு ஊர் வசதியைப் பொறுத்தது. மத்தியானம் பிரசங்கியார் உட்கார்ந்து வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாட்டும் வியாக்கியானமுமாகச் சொல்லுவார். கடைசிப் பத்து நாள் ராத்திரி பூரா தெருக்கூத்து. மத்தியானம் காதால் கேட்டதை ராத்திரி கண்ணால் பார்க்கலாம். சில நாட்களில் மூன்றாவதாக ஒரு சமாச்சாரம் உண்டு. அன்றைக்குக் கதை பந்தலை விட்டு எழுந்து தெருவுக்கே வந்துவிடும்.

பகாசுர வதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பீமன் வேஷக்காரர் வண்டியில் ஏறி உட்காருவார். முன்னே மாட்டு வண்டி, இப்போது பெரும்பாலும் டிராக்டர். வண்டி தெருத் தெருவாக வரும். அந்த நிமிஷம் அது பாகூரோ வில்லியனூரோ இல்லை, ஏகசக்கரபுரம்! வீட்டு வாசலில் நிற்கிற அத்தை, பெரியம்மா, பெட்டிக்கடைக்காரர் எல்லாரும் அசுரனுக்குப் பயந்து சோறு கட்டிக் கொடுக்கிற பிரஜைகள். அண்டாவில் சோறு, வடைமாலை, வாழைப்பழத் தார் எல்லாம் வண்டியில் ஏறும். பீமன் வாங்குகிற ஜோரில் பாதியை வாயில் போட்டுக்கொள்வான். "அடேய், அசுரனுக்கு வைடா!" என்று கிழவி திட்டுவாள். அவளுக்கு யாரும் வசனம் எழுதித் தரவில்லை, ஒத்திகை பார்க்கவில்லை. ஆனால், அவள் திட்டாவிட்டால் காட்சி நடக்காது. சோறு வாங்காமல் ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

அர்ச்சுனன் தபசு அன்றைக்கு உயரமான பனைமரத்தை நட்டுப் படி வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். கையில் பிடிமானம், இடுப்பில் நம்பிக்கை, அவ்வளவுதான்! உச்சியிலிருந்து அவர் வீசுகிற விபூதிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் கீழே பிள்ளையில்லாத பெண்கள் மடியேந்திக்கொண்டு காத்திருப்பார்கள். மேலே நிற்கிறவர் நேற்று மத்தியானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ குடித்த ஆள்தான். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் முந்தானையை விரிக்கிறாள்.

கடைசி நாள் படுகளம். மைதானத்தில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கிற துரியோதனன் உருவத்தைப் பிரமாண்டமாகச் செய்து வண்ணம் அடித்து வைத்திருப்பார்கள். ஒரு பஸ் நீளத்துக்குக் குறையாது. ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய களைப்போடு பீமனும் துரியோதனனும் விடியற்காலை அந்த மண் உடம்பைச் சுற்றித் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். உருவத்தின் மேலேயே ஏறி ஓடுவார்கள், கூட்டத்துக்குள் புகுந்தும் ஓடுவார்கள். துரியோதனன் நம் பக்கம் வந்தால் நாமும் ஓடியே தீரவேண்டும். தொடையில் அடி விழும் இடத்தில் செந்நீர் மறைத்து வைத்திருப்பார்கள். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். கொஞ்ச நேரத்தில் துரியோதனன் பெண்டாட்டி ஒப்பாரி வைப்பாள். மீசை மழித்த ஆண்பிள்ளை பாடுகிற ஒப்பாரிதான். ஆனாலும் கூடவே அழுகிற பெண்கள் உண்டு. சாயங்காலம் தீமிதி. மறுநாள் தர்மருக்குப் பட்டாபிஷேகம்.

ஐரோப்பாவில் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த சட்டதிட்டம் எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. உதாரணம், கட்டியக்காரன். அவர்களிடம் 'கேம் மாஸ்டர்' என்று ஒருத்தர் உண்டு. கதையை நகர்த்துவார், தகராறு வந்தால் தீர்த்து வைப்பார். நம்ம கட்டியக்காரன் அவருக்கெல்லாம் தாத்தா! ராஜா திரைக்குப் பின்னால் நிற்கும்போதே 'நீங்க யாரு, எந்த தேசம், என்ன சோலியா வந்தீங்க?' என்று குறுக்கு விசாரணை பண்ணுவான். ராஜா பாட்டாலும் பேச்சாலும் பதில் சொல்லியாக வேண்டும். துவாபர யுகத்தில் நிற்கிறவன் திடீரென்று கலியுகத்துக்குத் தாவி, 'மெம்பர் வீட்டு மருமகப்புள்ள நூத்தியொரு ரூபா அன்பளிப்பு' என்று அறிவித்துவிட்டு, அடுத்த வரியில் மகாராஜாவின் காலில் விழுவான். யாரும் 'என்னப்பா இது' என்று கேட்பதில்லை. புதுசாக வேஷம் கட்டுகிறவனுக்கு இவன் நடத்துகிற இன்டர்வியூதான் முதல் பாடம். கிரீடம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். 'நீ யார்?' என்று கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்ல வரவேண்டும். நம்மில் பாதிப் பேர் வேலைக்கான இன்டர்வியூவிலேயே அந்தக் கேள்விக்கு எச்சில் முழுங்கினவர்கள்தானே!

இன்னொரு விஷயம் கொஞ்சம் சீரியஸ். வேஷம் ஆளுக்குள் இறங்கிவிடுவதை அவர்கள் 'ப்ளீட்' என்கிறார்கள். சாயம் துணியில் கசிகிற மாதிரி, பாத்திரத்தின் கோபமும் அழுகையும் ஆளுக்குள் கசிந்துவிடுகிறதாம். இதை வைத்து அங்கே கருத்தரங்கு நடத்துகிறார்கள். நம் கூத்து வாத்தியார்களுக்கு இது பழைய பாடம். துகிலுரிதல் அன்றைக்குத் துச்சாதனனுக்கும் திரௌபதிக்கும் ஆவேசம் வந்துவிடுவது சகஜம். பக்கத்திலேயே சூடத்தட்டும் விபூதியுமாக ஆள் தயாராக நிற்பார். இரணியன் கூத்தில் நரசிம்மம் வரும்போது நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் இரணியன் வீட்டுக்கு நிஜமாகவே சங்கு ஊதவேண்டியதுதான்.

சங்கரதாஸ் சுவாமிகளைத் தெரியும்தானே? தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர். 1922-ல் இதே புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர்தான். சின்ன வயசில் அவர் எமன் வேஷம் கட்டி மேடையில் தோன்றியபோது, பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குப் பயத்தில் கரு கலைந்துவிட்டது என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போனபோது, விடியற்காலை இருட்டில் எதிரே பார்த்த பெண் அதிர்ச்சியில் விழுந்துவிட்டாள் என்றும் சொல்வார்கள். அதற்குப்பிறகு அவர் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, நாடகம் எழுதவும் சொல்லித்தரவும் போய்விட்டாராம். அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்த கதி என்றால், வீக்எண்ட்டில் அசுரன் ஆக நினைக்கிற நாம் கொஞ்சம் நிதானமாகத்தான் இருக்கவேண்டும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த அன்றைக்குத் துரியோதனன் வேண்டாம். பேசாமல் விதுரர் கட்டுங்கள்.

வேஷம் யார் கட்டலாம்? இந்தக் கேள்வியைச் சும்மா தாண்டிப் போகமுடியாது. சில ஊர்களில் சில வேஷங்களும் சில மரியாதைகளும் இன்ன வகையறாவுக்கு என்று பரம்பரையாக இருக்கின்றன. தெருவுக்குள் வருகிற பகாசுரன் வண்டி, ஊரில் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும். பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழையக்கூடாது என்று தகராறாகி, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான், அதுவும் போலீஸ் பந்தோபஸ்தோடு, எல்லாரும் உள்ளே போக முடிந்தது. சபை நடுவில் நியாயம் கேட்டவள் திரௌபதி. அவள் கோயில் வாசலில் நிற்கவைத்து ஒரு மனுஷனிடம் ஜாதி கேட்டால், அங்கே யார் துச்சாதனன் வேஷம் கட்டியிருக்கிறார்கள் என்று கட்டியக்காரன்தான் சொல்லவேண்டும்.

பெண்களுக்கும் ரொம்ப காலம் வேஷம் கிடையாது. திரௌபதியே ஆண்பிள்ளைதான். காஞ்சிபுரத்தில் 1990-ல் ஆரம்பித்த கட்டைக்கூத்துச் சங்கத்தார் பிற்பாடு குருகுலம் வைத்துப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் திரௌபதியோடு நிற்கவில்லை, கட்டை வேஷமும் கட்டினார்கள். மேடையில் பெண் துரியோதனனைப் பார்த்து முன்வரிசை ஆண்பிள்ளை நடுங்குவதும் பார்க்கவேண்டிய காட்சிதான்.

சரி, ஆரம்பிப்பது எப்படி? முதல் வருஷம் சும்மா போய்ப் பாருங்கள். பார்ப்பது என்றால், பைக் மேல் உட்கார்ந்தபடி பத்து நிமிஷம் வீடியோ எடுத்துவிட்டு வருவது இல்லை. பாய் கொண்டுபோய் முன்னால் குழந்தைகளோடு உட்காருங்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் களை கட்டி விடிகாலை வரை போகும். மூன்று மணிக்குத் தூக்கம் சொக்கும்போது கர்ணன் திரைக்குள்ளிருந்து அதட்டுவான் பாருங்கள், அதுதான் சங்கதி. வேஷம் கட்டும் கொட்டகைக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றால் துரத்தமாட்டார்கள். முத்துவெள்ளை குழைப்பது, முகம் எழுதுவது, புஜகட்டை, மார்பதக்கம், கிரீடம் என்று ஒவ்வொன்றாகக் கயிறு போட்டு இறுக்குவது என்று இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கண்ணாடிச் சில்லு பதித்த அந்த அணிகள் எல்லாம் மரம். கனம் குறைவான மரமாகப் பார்த்துச் செதுக்கியும், கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும். சொந்தமாகச் செய்ய ஆசை இருந்தால், மண்ணாடிப்பட்டு கொம்யூன் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்குப் பேர் போனது, புவிசார் குறியீடே வாங்கியது. காகிதக்கூழில் கிரீடம் செய்தால் கழுத்து பிழைக்கும்.

இரண்டாவது வருஷம் வாத்தியாரைப் பிடியுங்கள். சீசனில் போகாதீர்கள், அவர் தூங்கியே இருபது நாள் ஆகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் போனால் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார். வெற்றிலை பாக்குத் தட்டு முக்கியம். உடனே கர்ணன் தருவார் என்று கனவு காணாதீர்கள். முதலில் திரை பிடிக்கிற வேலை. அப்புறம் பின்பாட்டு. அப்புறம் சேவகன். குரல் கொஞ்சம் சன்னமாக இருந்தால் தோழி. பி.காம். படித்துவிட்டு இதெல்லாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் ஆரம்பித்த கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்திலிருந்து பாடம் கற்றது. அதில் கணக்கு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்து, மற்றவர்கள் நடிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்தான் விஜய் சேதுபதி. அவரும் பி.காம்.! வணிகவியல் படித்த எங்கள் ஜாதிக்கு வேறென்ன ஆறுதல் இருக்கிறது?

சாமி, கோயில் எல்லாம் வேண்டாம், நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு கதை ஆடவேண்டும் என்றாலும் தாராளமாக ஆடலாம். நுரை வாளுக்கு ஆன்லைன் வேண்டாம். சின்ன பி.வி.சி. பைப், அதன்மேல் ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பான்ஞ்ச், மேலே ஒட்டுகிற துணி டேப். பைப் முனையில் ஸ்பான்ஞ்ச் நாலு விரல்கடை தாண்டி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கண் போய்விடும். தலையிலும் முகத்திலும் அடிக்கக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். யாருக்காவது நிஜமாக வலித்தாலோ பயம் வந்தாலோ, ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் அப்படியே நிற்கவேண்டும். வெளிநாட்டில் 'கட்' என்பார்கள். நமக்கு 'கோவிந்தா' போதும், சத்தமாகச் சொல்லவும் வசதி. ஒருத்தரைக் கட்டியக்காரனாகப் போடுங்கள். அவருக்கு வாளும் வேண்டாம், கட்சியும் வேண்டாம்.

ரொம்ப முக்கியம், இடம். பாகூர் ஏரிக்கரை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு முகத்தில் கரி பூசிக்கொண்டு கையில் தடியோடு பத்துப் பேர் அங்கே நடந்தால், ஊர்க்காரர்கள் உங்களை அசுரகணம் என்று நினைக்கமாட்டார்கள், ஆடு திருட வந்தவர்கள் என்று நினைப்பார்கள். அவர்கள் தடியில் ஸ்பான்ஞ்ச் சுற்றியிருக்காது. ஊர்ப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லி, பகலில் ஆடுங்கள். ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை போட்டுவைப்பது நல்லது.

நம்ம தம்பி போன வாரம் போன் பண்ணினான். பரண்மேலிருந்து தாத்தாவின் புஜகட்டையை இறக்கிவிட்டானாம். ஒரு பக்கம் கரையான் தின்றிருக்கிறது. இன்னொரு பக்கம் கண்ணாடி அப்படியே இருக்கிறதாம். "மாட்டிப் பாத்தேண்ணே, தோள்ல நிக்கவே மாட்டேங்குது" என்றான். உள்ளே பழைய துணி வைத்துக் கட்டவேண்டும், வாத்தியாரிடம் கேள் என்றேன்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. வேஷம் கலைக்கும்போது நேராக சோப்புப் போடாதீர்கள். முதலில் தேங்காய் எண்ணெய், அப்புறம் பழந்துணி, அதன்பிறகுதான் சோப்பு. என்ன தேய்த்தாலும் காதுமடலுக்குப் பின்னால் கொஞ்சம் சிவப்பு நின்றுவிடும். திங்கள்கிழமை மேனேஜர் கேட்டால் உண்மையையே சொல்லிவிடுங்கள். அவர் அப்பா எந்த ஊரில் என்ன வேஷம் கட்டினாரோ, யார் கண்டது?